கடனுக்குக் கயிறு கிடையாது

எங்கள் ஊஞ்சக்காட்டில் தவணைக்கு வாங்கிய சாமான்கள் தரையை விட்டு எழும்ப ஆரம்பித்தது, தீபாவளிக்கு இன்னும் முப்பத்தொரு நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் வந்து போன பிறகு. கிழக்கு வீதியில் ஒரு வீட்டு வாஷிங் மெஷின்தான் முதலில் கிளம்பியது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் வயரைப் பிடுங்கிக்கொண்டு மெல்ல மேலே போய்க் கூரையில் முட்டி நின்றது, அந்த வீட்டம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "துணியெல்லாம் உள்ளயே கெடக்குது" என்று சலித்துக்கொண்டு, இருந்த சேலையையே இன்னொரு தரம் உதறிக் கட்டிக்கொண்டு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் பிரிட்ஜுகள் எழும்பின, சாயங்காலத்துக்குள் டிவிகளும் கட்டில்களும் பீரோக்களும் எழும்பின, வாசலில் நின்ற பைக்குகள் வேப்பமரக் கிளைகளில் சிக்கிக்கொண்டு ஸ்டாண்டு தொங்க நின்றன, மாரியம்மன் கோயிலுக்கு உபயமாக வந்திருந்த மைக்செட் கோபுரத்துக்கு மேலே போய்விட்டதைப் பார்த்துத்தான், தன் பெயரை அம்மன் பெயரைவிடப் பெரிதாக எழுதி வாங்கிய உபயதாரர் கடைக்காரனுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஷோரூமுக்குப் போன் போட்டதில், இது வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார்கள், அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. இரண்டு மூன்று நாளில் கணக்கு எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது: முழுக்காசு கொடுத்து வாங்கியது தரையில் நிற்கும், பாதி கட்டியது இடுப்பு உயரத்தில் நிற்கும், முன்பணம்கூடக் கட்டாமல் தூக்கி வந்தது கூரையில் போய் முட்டும், கூரையில்லாத இடமாக இருந்தால் போய்க்கொண்டே இருக்கும். எந்தச் சாமான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு பாக்கி.

நான் கயிற்றுக்கடை நஞ்சப்பன். எங்கள் ஊரில் கிணற்றுக்கு மோட்டார் வந்து, மாடுகள் போய், கயிறு வாங்க ஆளில்லாமல் பத்து வருஷமாக ஆணி, போல்ட், கொசுவலை என்று விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தவன், அந்த வாரம் மட்டும் நாலாயிரம் மீட்டர் நைலான் கயிறு விற்றேன், முதல்தரம் என்று சொல்லி இரண்டாந்தரத்தை விற்றேன், ஒருவரும் முறுக்கிப் பார்த்து வாங்கவில்லை. முதல் நாள் தெரியாத்தனமாக ஒருவருக்குக் கடனுக்குக் கொடுத்தேன். அந்தக் கயிறு அவர் கட்டிலையும் கட்டியிருந்த ஜன்னல் கம்பியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேற்கே போய்விட்டது. கடனுக்கு வாங்கிய கயிறு எதையும் பிடித்து வைக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டு, மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு, 'கடனுக்குக் கயிறு கிடையாது' என்று சிவப்பு எழுத்தில் பலகை எழுதி வாசலில் மாட்டினேன். எனக்கு ஒரு பைசா கடன் கிடையாது, என் வீட்டில் ஒரு கரண்டிகூட எழும்பவில்லை, அதனால் ஊரில் உள்ள அத்தனை பேரையும் ஏளனமாகப் பார்க்கும் தகுதி எனக்கு இருந்தது, அதை நான் ஒரு நாளும் வீணாக்கவில்லை.

வெட்கப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் என் ஊர்க்காரர்களை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பத்தே நாளில் மிதக்கும் சாமான்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. எட்டுக் கயிறு வீடு, பன்னிரண்டு கயிறு வீடு என்று பேர் வந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அண்ணாந்து பார்த்து எண்ணினார்கள், சாமான் எல்லாம் தரையில் கிடக்கிற வீட்டைப் பார்த்தால் "பாவம், அவங்களுக்குக் கடன் குடுக்கக்கூட ஆளில்லை போல" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். தவணை கட்டாத வீட்டுக்குப் பைனான்ஸ்காரன் வந்து கயிற்றை அவிழ்த்து, டிவியையும் பைக்கையும் திருவிழாப் பலூன்காரனைப் போல ஒரே கையில் பிடித்துக்கொண்டு வீதியில் நடந்து போவான், பின்னாலேயே அந்த வீட்டுக்காரர் வேறொரு கடைக்குப் புதுத் தவணை போடப் போவார். மேற்கு வீதியில் அடமானம் வைத்த வீடே ஒன்று ஆறடி எழும்பி நின்றது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏணி போட்டு ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போவதை, ஏதோ மாடிவீடு கட்டிவிட்ட மாதிரி அவர்கள் அப்பன் கீழே நின்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

எழும்பாத வீடு என்று ஊரில் இரண்டு மூன்றுதான். ஒன்று என்னுடையது. இன்னொன்று துளசிமணியுடையது.

துளசிமணி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள், நாற்பது வயசு, தபால் ஆபீசில் மாசம் ஐநூறு போட்டுப் போட்டு, சேர்ந்த காசில் கிரைண்டரும், அடுத்த இரண்டு வருஷம் போட்டுப் பிரிட்ஜும் என்று ஒவ்வொன்றாக வாங்கியவள். ஓட்டு வீடும் எட்டு சென்ட் இடமும் அவள் அப்பன் கொடுத்தது, பட்டா அவள் பேரில். அவள் புருஷன் நாச்சிமுத்து அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நல்ல மனுஷன்தான், ஊர் என்ன நினைக்கும் என்பதைத் தவிர வேறொன்றையும் நினைக்கத் தெரியாது.

அந்த நாச்சிமுத்து ஒரு நாள் என் கடைக்கு வந்து பத்து மீட்டர் கயிறு வாங்கினான். உன் வீட்டில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன், காசை வைத்துவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்: முழுக்காசு கொடுத்து வாங்கிய பிரிட்ஜை நாலு ஹாலோபிளாக் கல்மேல் தூக்கி வைத்து, கல் தெரியாமல் துளசிமணியின் பழைய சேலையைச் சுற்றி, அதைக் கயிறு போட்டு ஜன்னலில் கட்டி, கதவை நன்றாகத் திறந்து வைத்திருந்தான். மறுநாள் துளசிமணி கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள், பின்னாலேயே அவனும் வந்தான்.

"இதை எடுத்துக்கிட்டுக் காசக் குடுங்கண்ணா" என்றாள்.

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்கறதில்ல அம்மிணி."

நாச்சிமுத்து வீதியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஊரே பாக்குதுடி. நம்மூட்டுல ஒரு சாமானாச்சும் மேல நிக்குதா? கம்பெனில எவன் என்னைய மதிக்கறான்? இந்தத் தீவாளிக்கு ஒரு காரு எடுக்கலாம்னா, ஊட்டு மேல ஒரு கையெழுத்துப் போட மாட்டீங்கறே."

"காரு எடுத்து?"

"எல்லாருமாட்ட நாமளும்..."

"கீழ நிக்கறது நம்முளுதுங்க. மேல நிக்கறது பைனான்ஸ்காரனுது. அவன் சாமானுக்கு நாம எதுக்குங்க கவுத்தக் கட்டிக் காவலிருக்கோணும்? ஊட்டையும் வெச்சா, பொறவு ஏணி போட்டுத்தான் ஏறோணும். நம்ம புள்ளைக்குக் காலேஜுப் பீசு கட்டறதா, ஏணி வாங்கறதா, நீங்களே சொல்லுங்க."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த வீடு தரையில் நிற்க வேண்டும், அதை அவள் ஒளித்து வைக்கவும் இல்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கயிற்றை நான் திருப்பி எடுக்கவில்லை.

ஊரில் பெரிய மரியாதை ஈஸ்வரமூர்த்திக்குத்தான். பனியன் கம்பெனிகளுக்கு நூல் எடுத்துக் கொடுப்பவன், அதோடு தீபாவளிச் சீட்டு நடத்துபவன். மாசம் ஐநூறு கட்டினால் பன்னிரண்டு மாசத்தில் ஆறாயிரம், தீபாவளிக்கு முன்னால் ஏழாயிரமாகத் தருவான், கூடவே ஒரு பெட்டி பட்டாசும் இரண்டு கிலோ மிக்சரும் ஒரு எவர்சில்வர் தூக்கும். இருநூறு குடும்பம் கட்டியது. ஆறாயிரம் எப்படி ஏழாயிரம் ஆகிறது, நடுவில் அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை, ஆனால் போன வருஷத் தூக்கு இந்த வருஷத் தூக்கைவிட அரை லிட்டர் பெரியது என்று வீதியில் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். சாமான்கள் எழும்ப ஆரம்பித்த பிறகு அவன் மதிப்பு இன்னும் கூடியது. அவ்வளவு பெரிய வீட்டில் சோபா, பீரோ, ஊஞ்சல், ஆளுயர டிவி எல்லாம் தரையில் ஊன்றி நின்றன. எங்களில் ஒருவன் வீட்டுச் சாமான் தரையில் நின்றால் தரித்திரம், அவன் வீட்டில் நின்றால் பவிசு, இதையும் என் ஊர்க்காரர்கள் ஒரே வாயால் சொன்னார்கள்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், ஊராட்சித் தேர்தல் அறிவித்திருப்பதால் பணமாகக் கொடுத்தால் பறக்கும் படை பிடித்துவிடும், இப்போதைக்குப் பட்டாசும் மிக்சரும் தூக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் தேர்தல் முடிந்து கார்த்திகையில் என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னான். ஊர் தலையாட்டியது. தூக்கு இந்த வருஷம் பெரிதாக இருந்தது. கைக்கு வராத ஏழாயிரத்தை நம்பி ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய்க்குத் துணியும் இனிப்பும் செல்போனும் தவணையில் எடுத்து, தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டவர்கள், கட்டாத காசுக்குச் சட்டை அக்குளில் பிடித்து மேலே இழுக்க, பெருவிரலில் நடந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து "தீவாளி ஆச்சுங்களா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். கடனுக்கு வாங்கிய ராக்கெட்டுகள் பற்ற வைக்காமலே போயின. இனிப்புப் பெட்டிகள் தலைக்குமேல் நிற்க, குழந்தைகள் எட்டிக் குதித்துக்கொண்டிருந்தன.

தீபாவளி முடிந்த மறுநாள் ஈஸ்வரமூர்த்தி தலைவர் பதவிக்கு மனுச் செய்தான். அவனுக்குக் கை உருளைச் சின்னம். அது என்ன சாமான் என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. ஊரில் அறுநூற்று இரண்டு ஓட்டு, ஓட்டுக்கு இரண்டாயிரம், கவரில் போட்டு வீடு வீடாக வந்தது. மூன்று ஓட்டு இருந்த வீட்டுக்கு ஆறாயிரம் வந்தது. அது அந்த வீட்டின் சீட்டுப் பணம் என்பதைக் கூட்டிப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். இருநூறு குடும்பம், ஆறாயிரம், பன்னிரண்டு லட்சம். அறுநூறு ஓட்டு, இரண்டாயிரம், பன்னிரண்டு லட்சம். எங்கள் காசைக் கொண்டே எங்களை வாங்கினான், நாங்கள் அவனை வள்ளல் என்றோம். நானும் வாங்கினேன். வருவதை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதோடு கயிறு விற்ற நாலு லட்சத்தையும் மாசம் இரண்டு ரூபாய் வட்டிக்கு அவனிடமே கொடுத்து வைத்திருந்தேன், அந்த மனுஷனிடம் முகத்தை முறித்துக்கொள்வானேன்.

துளசிமணி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நாச்சிமுத்து இரண்டு கவராக வாங்கி வைத்துவிட்டான். மறுநாள் காலை நான் கொடி கட்டுவதற்குக் கயிறு கொடுக்க ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் ஒரு கவரோடு உள்ளே வந்தாள்.

"என்ன அம்மிணி, தொகை பத்தலீங்களா?" என்று சிரித்தான் ஈஸ்வரமூர்த்தி.

"என்ற கவருங்க. எனக்குத் தெரியாம வாங்கிட்டாரு. எண்ணிப் பாத்துக்கங்க."

"வெச்சுக்கங்க அம்மிணி. எனக்குப் போடோணும்னு கட்டாயமில்லீங்க. தீவாளிச் செலவுக்கு ஆச்சு."

"தீவாளி முடிஞ்சுபோச்சுங்க."

"உக்காந்து பேசுங்க" என்று அவன் சோபாவைக் காட்டினான். அவள் உட்காரவில்லை. கவரை டீப்பாய்மேல் வைக்கக் குனிந்தவள் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு நிமிர்ந்து, பீரோவின் காலைப் பார்த்தாள், டிவி மேஜையின் காலைப் பார்த்தாள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நானும் வந்தேன். கேட்டுக்கு வெளியே நின்று மெல்லத்தான் சொன்னாள்.

"அண்ணா, சோபாக் காலெல்லாம் மார்பிளத் தொளச்சு போல்ட்டுப் போட்டிருக்குதுங்க. பீரோவும் அப்படித்தான். அந்த ஊட்டுல ஒரு சாமானும் தானா நிக்கலீங்க. சீட்டுப் பணம் போச்சுங்கண்ணா. ஊருக்குச் சொல்லோணும்."

ஐப்பசி பிறந்தபோது இரண்டு பெட்டி ஆங்கர் போல்ட்டை ரொக்கத்துக்கு அவனுக்கு விற்றவன் நான்தான். வீடு கட்டுகிறவன் வாங்குகிறான் என்று நினைத்தேனே தவிர, வீடு கட்டி எட்டு வருஷம் ஆகிறதே என்று நினைக்கவில்லை. அந்த இடத்திலேயே நானும் அவளும் சேர்ந்து வாய் திறந்திருந்தால் ஊர் நம்பியிருக்கும். ஆனால் ஊர் மொத்தமும் போய்ப் பணத்தைக் கேட்டால் என் நாலு லட்சம் என்ன ஆவது? "பெரிய மனுசன் ஊட்டுல பூகம்பத்துக்குப் பயந்து போட்டிருப்பாங்க அம்மிணி. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றேன். அவள் சும்மா இருக்கவில்லை. வீதி வீதியாகப் போய்ச் சொன்னாள். போல்ட் பார்த்தாயா என்று என்னிடம் வந்து கேட்டவர்களுக்கெல்லாம், நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். புருஷன் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்த திமிர் பிடித்தவள் என்று ஊர் அவளைப் பேசியது, நாச்சிமுத்து அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

தேர்தலில் ஈஸ்வரமூர்த்திக்கு அறுநூறு ஓட்டு. எதிர்த்து நின்றவருக்கு இரண்டு, ஒன்று அவருடையது, ஒன்று துளசிமணியுடையது. அவர் தன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறி மகள் ஊருக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்குத் தபால்காரர் ஒரு சாக்குப்பையோடு வந்தார். இருநூறு வீட்டுக்கும் என் கடைக்கும் பதிவுத் தபால். பிரித்தால் மஞ்சள் நோட்டீஸ். எங்கள் பக்கத்தில் மஞ்சள் நோட்டீஸ் என்றால் குழந்தைக்கும் தெரியும், என்னிடம் ஒன்றும் இல்லை, கடன் கொடுத்தவர்கள் எல்லாம் கோர்ட்டில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று திவாலானவன் வக்கீல் மூலம் அனுப்புகிற காகிதம். கையெழுத்துப் போட்டு வாங்கி, முதல் வரியைப் படிக்கும்போதே எங்கள் கால்கள் தரையை விட்டன. செருப்புகள் கழன்று விழுந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழும்பினார்கள், வீட்டுக்குள் இருந்தவர்கள் கூரையில் முட்டிக்கொண்டார்கள், வாசலில் இருந்தவர்கள் கையில் கிடைத்த கிளையையும் கம்பத்தையும் கட்டிக்கொண்டார்கள், கட்டிங் டேபிளில் கத்தரிக்கோலோடு நின்ற நாச்சிமுத்து கம்பெனி மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றான். யாரும் அலறவில்லை. அவன் எங்களைக் கடன் பணத்தில் வாங்கியிருக்கிறான், அந்தக் கடனைக் கட்டமாட்டேன் என்று கோர்ட்டில் எழுதியும் கொடுத்துவிட்டான், பிறகு நாங்கள் தரையில் நிற்போமா, "அதான பாத்தேன்" என்று கோயில் வேம்பின் உச்சியில் இருந்து யாரோ சொன்னது ஊருக்கே கேட்டது.

ஈஸ்வரமூர்த்தி மட்டும், தன்னை யாரும் வாங்காததால், காலூன்றி நடந்து போய்க் காரில் ஏறிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். அடுத்த நாள் கோர்ட் ஆட்கள் ஜப்தி செய்ய வந்து போல்ட்டைக் கழற்றினார்கள். சோபாவும் பீரோவும் ஊஞ்சலும் ஆளுயர டிவியும் கூரையைப் பெயர்த்துக்கொண்டு எங்களைத் தாண்டி மேலே போனதை நாங்கள் பக்கத்திலிருந்தே பார்த்தோம்.

தரையில் மிஞ்சியது துளசிமணியும், ஓட்டு வயசு ஆகாத பிள்ளைகளும், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள் எழுபது பேரும்தான். இங்கே அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, வாடகைக்கு வீடு கொடுக்கும்போது ஆளுக்கு ஐநூறு கூடுதலாக வாங்குவோம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டோம், அவர்கள்தான் மரத்தில் ஏறி எங்களை ஒவ்வொருவராக இழுத்து இடுப்பில் கயிறு கட்டிக் கம்பத்திலும் தூணிலும் முடிந்தார்கள். கயிறு என் கடைக் கயிறு. கடையில் இருந்து சும்மா எடுத்தால் கயிறும் சேர்ந்து பறக்கும் என்பதால், அவர்களில் மூத்தவனான பிரதாப் என்பவன் பையன்களிடம் வசூல் செய்து, கடைக்கு நேர் மேலே மிதந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து மீட்டர் என்ன விலை என்று கேட்டான். நான் பழைய விலையைவிட இரண்டு ரூபாய் கூட்டிச் சொன்னேன். அவன் எண்ணி, எனக்குக் காட்டி, கல்லாவில் போட்டான். பதினெட்டாயிரத்து நானூறு.

நாலாம் நாள் துளசிமணி கோர்ட்டுக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்து, கோயில் முன்னால் நின்று அண்ணாந்து பேசினாள்.

"கோர்ட்டுல திவாலானவன் சொத்த வசூல் பண்ணிப் பங்கு வெக்க ரிசீவருனு ஒருத்தரு இருக்கறாருங்க. நீங்க வாங்குன ரெண்டாயிரத்தை அவருகிட்டக் கட்டிப்போட்டா அவங்கவிய கீழ எறங்கிரலாம். எல்லாருங் கட்டுனா பன்னெண்டு லட்சம். அதை அவரு யாருக்குக் குடுப்பாரு? சீட்டுப் போட்டவிங்களுக்கு. சீட்டுப் போட்டது யாரு? நீங்கதானுங்க. உங்க காசு உங்க கைக்கே வந்துரும். ஒருத்தரு மொதல்ல ஆரம்பிச்சாப் போதுமுங்க."

மேலிருந்து ஒரு குரல், மற்றவர்கள் கட்டினால் நானும் கட்டுகிறேன் என்றது. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கட்டியவன் பணம் கட்டாதவனுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவர் சட்டம் பேசினார். வாங்கின காசைத் திருப்பிக் கொடுப்பது ஊருக்கே அவமானம் என்று அறுநூறு பேரும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு மானத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் நான்தான் வழி சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். "அம்மிணி, ஊருல வில்லங்கமில்லாத சொத்து உன்ற ஊடு ஒண்ணுதான். பேங்குல வெச்சாப் பன்னெண்டு லட்சம் தாராளமாக் குடுப்பான். எங்களயெல்லாம் எறக்கி உடு, நாங்க மாசா மாசம் கட்டிர்றோம்" என்றேன். ஊர் மொத்தமும் அதைப் பிடித்துக்கொண்டது. புண்ணியவதி என்றார்கள், மாரியம்மன் என்றார்கள், போன வாரம் அவளைத் திமிர் பிடித்தவள் என்ற அதே வாய்கள். நாச்சிமுத்து கம்பெனிக் கூரைக்குள்ளிருந்து கோயில் வாசலுக்குக் கொண்டுவரப்பட்டு விளக்குக் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தான், அவனும், "கையெழுத்துப் போடு புள்ள, நானுந்தான தொங்கறேன்" என்றான்.

அவனைப் பார்த்தபோது அவள் கண் கலங்கியது, அதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் குரல் கலங்கவில்லை.

"நான் கடன் வாங்கி உங்கள எறக்குனா நீங்க எல்லாம் என்ற கடன்ல எறங்குனவிங்க. மறுபடியும் மேலதான் போவீங்க. கூட என்ற ஊடும் வரும். அவ்வளவுதானுங்க நடக்கும். உங்க கையால சம்பாரிச்சு உங்க கையால கட்டுங்க."

"கட்டுன புருசனுக்குமா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"அவருக்குந்தானுங்க."

அவ்வளவுதான், ஊருக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரியை ஊரை விட்டுத் தள்ளி வைப்பது, தண்ணீர் கொடுப்பதில்லை, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை என்று அந்தரத்திலேயே தீர்மானம் போட்டோம். சம்மதமானவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கம்பத்தையும் கிளையையும் பிடித்துக்கொண்டிருந்த கைகளை விட்டுவிட்டு நாங்கள் கை தூக்கினோம், தூக்கிய வேகத்தில் எல்லோரும் கயிற்றின் நீளம் முழுவதும் மேலே போய்விட்டோம். முதல் கை என்னுடையது. கை தூக்காதவன் ஒருவன்தான், அவன் விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து வீதியில் போகும் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நாச்சிமுத்து கம்பெனிக்குப் போனான். பிரதாப் கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிங் டேபிள் காலில் கட்டினான், அவன் தலைகீழாகத் தொங்கியபடி துணி வெட்டினான். பக்கத்தில் இருந்த கயிறுகளில் இருந்தவர்கள் வேலைக்குப் போகிறான் பார் என்று சிரித்தார்கள். சாப்பாடு போக மிஞ்சியது சேர்ந்து நாலாம் நாள் இரண்டாயிரம் ஆயிற்று. ரிசீவரிடம் அவன் கையாலேயே கட்டி ரசீது வாங்கியபோது கோர்ட் வராந்தாவில் தொப்பென்று விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டானாம். வீட்டுக்கு நடந்தே வந்தான். துளசிமணி வாசலில் நின்று பார்த்தாள், கேட்டாள், "காயத்துக்கு மருந்து போட்டீங்களா?" இரண்டு பேரும் உள்ளே போனார்கள், அவன் பிரிட்ஜுக்கு அடியில் இருந்த ஹாலோபிளாக் கற்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வைத்தான்.

மற்ற நாங்கள் இறங்கவில்லை. திவாலானவன் தலைவராக இருக்க முடியாது என்பதால் இடைத்தேர்தல் வருகிறது, புதிதாக ஒருவர் நிற்கிறார், ஓட்டுக்கு ஐயாயிரம் தருவாராம், அதில் இரண்டாயிரத்தைக் கட்டிவிட்டு இறங்கினாலும் மூவாயிரம் மிச்சம் என்று இங்கே மேலே எல்லோருக்கும் கணக்கு மனப்பாடம். அவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நேற்று அவர் வந்து அண்ணாந்து கும்பிட்டார், அவர் பெயர் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாத எங்கள் ஊர்க்காரர்கள் பதிலுக்கு இரண்டு கையாலும் கும்பிட்டார்கள்.

என் கல்லாவில் பதினெட்டாயிரத்து நானூறு இருக்கிறது. துளசிமணியைக் கூப்பிட்டு அதில் இரண்டாயிரத்தை எடுத்துக்கொடுத்தால் நான் இன்றைக்கே கோர்ட்டுக்குப் போய்த் தரையில் நிற்கலாம். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

இன்று காலை அவள் தண்ணீர்க் குடத்தோடு கடைப்பக்கம் போனவள் நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கட்டியிருக்கும் கயிற்றைக் கையில் பிடித்து, விரலால் முறுக்கிப் பார்த்தாள். இத்தனை நாளில் என் கயிற்றை முறுக்கிப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

"நஞ்சப்பண்ணா, கவுறு நைஞ்சுபோச்சுங்க. மூணு புரில ரெண்டு போயிருச்சு. இன்னைக்கே மாத்தோணும்."

"மாத்து அம்மிணி. உள்ள புதுசு கெடக்குது."

"உள்ள கெடக்கறதும் இதே கவுறுதானுங்க. டவுன்ல போயி நல்லதா வாங்கோணும். நானூறு ஆகும். கல்லாவுல எடுத்துக்கட்டுங்களா?"

"கல்லாவத் தொடாத" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டேன். "நீ வாங்கிப் போடு அம்மிணி, தேர்தல் முடிஞ்சதும் தந்தர்றேன். கணக்குல எழுதிக்க."

அவள் சிரிக்கவில்லை, திட்டவில்லை, என்னை ஒரு மாதிரி பாவமாகப் பார்த்தாள், பிறகு திரும்பி என் கடை வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்தாள். சிவப்பு எழுத்து, நானே காசு கொடுத்து எழுதியது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளைப் போல நிதானமாக ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டிவிட்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "ரொக்கமா, கடனாங்கண்ணா? சீக்கிரம் சொல்லுங்க, பத்து மணிக்குப் பஸ்ஸு" என்றாள்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேலே காற்று கொஞ்சம் பலமாகத்தான் அடிக்கிறது.